கிலோமீட்டர் பார்க்காத ஃபில்டர்

எல்லைக்குப் போகும் நிலக்கரி லாரி வரிசையில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எலும்பு பார்க்கிறவள். நான் எலும்பெல்லாம் பார்ப்பதில்லை. ஆட்டுத் தோள்பட்டை எலும்பைத் தீயில் சுட்டு, அதில் விழுந்த கீறலைப் பார்த்து, காணாமல் போன குதிரை எந்தத் திக்கில் போயிருக்கிறது என்று சொல்கிற ஆட்கள் எங்கள் கோபிப் பாலைவனத்தில் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வித்தை தெரியாது. நான் பார்ப்பது கழற்றிப்போட்ட ஆயில் ஃபில்டரை. அதை வெட்டித் திறந்து, உள்ளே இருக்கிற காகித மடிப்பை விரித்துவிட்டால், எஞ்சினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். இதுவரை தப்பாகச் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் பெயர் சேவ்ஜித். சுரங்கத்துப் பட்டறையில் பல வருஷம் டீசல் எஞ்சின்களோடு மல்லுக்கட்டினேன். ஒருநாள் மேலாளரோடும் மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தேன். இப்போது ஒரு பழைய வேனில் ஃபில்டர், ஆயில், பெல்ட், பேரிங் எல்லாம் அடுக்கிக்கொண்டு வரிசை ஓரமாக நிற்கிறேன். பசியோடு வருகிறவர்களுக்கு ஆவியில் வெந்த கறிக்கொழுக்கட்டையும் உப்புப் போட்ட பால் டீயும் உண்டு.

தோள்பட்டைக் கறியை எங்கள் ஆட்கள் தனியாகத் தின்ன மாட்டார்கள். எவ்வளவு சின்ன துண்டானாலும் அங்கே இருக்கிற எல்லாருக்கும் கிள்ளிக் கொடுத்தாக வேண்டும். எனக்கு எலும்பு பார்க்கிறவள் என்று பெயர் வைத்த பாவிகள் அந்தப் பழக்கத்தையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார்கள். யாருடைய ஃபில்டராக இருந்தாலும் எல்லார் முன்னாலும்தான் வெட்ட வேண்டும், எல்லாருக்கும் காட்ட வேண்டும். தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்வது என்பது கிடையாது. வேடிக்கைக்கு ஆரம்பித்தது, போகப் போகச் சட்டமாகிவிட்டது.

எங்கள் ஆட்களின் கிறுக்குத்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. குளிர்காலத்தில் இந்த வரிசையில் எவனும் எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்தால் டீசல் கூழாகும், ஆயில் களியாகும், கேபினில் தூங்குகிறவன் கட்டையாகிவிடுவான். அதனால் ராத்திரி பகலாக எஞ்சின் ஓடும். வண்டி மட்டும் நகராது. காலையில் நாலு லாரி நீளம், சாயங்காலம் ஆறு லாரி நீளம், அவ்வளவுதான். மீட்டர் அப்படியே தூங்கும். ஃபில்டர் மாற்றினாயா என்று கேட்டால், எல்லாரும் அந்தத் தூங்குகிற மீட்டரைத்தான் காட்டுவார்கள். இன்னும் இத்தனை கிலோமீட்டர் மிச்சம் இருக்கே, அக்கா! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டிதான் நிற்கிறது, எஞ்சின் நிற்கவில்லை என்பதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எரிந்தும் எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது, கரி சேருகிறது, ஈரம் சேருகிறது. குளிரில் சும்மா ஓடுகிற எஞ்சினைப் போல ஆயிலை நாசமாக்குவது வேறெதுவும் இல்லை.

ஃபில்டர் பேரிலும் தப்பு உண்டு. அது ரொம்பப் பொறுமைசாலி. கெடு தாண்டினாலும் உடனே கைவிடாது. அழுக்கு சேரச் சேர, முன்னால் நழுவவிட்ட பொடித் தூசியைக்கூடப் பிடித்துவைக்கும். ஆட்கள் ஏமாறுவது அங்கேதான். ஒரு கட்டத்தில் காகிதம் முழுக்க அடைத்துப்போகும். அப்போது உள்ளே இருக்கிற சின்ன வால்வு திறந்துகொள்ளும். ஆயில் காகிதத்தைத் தொடாமல், அழுக்கோடு அழுக்காக நேரே பேரிங்குக்குப் போய்விடும். ஆயிலே இல்லாமல் போவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்று செய்துவைத்த ஏற்பாடு அது. மணி அடிக்காது, விளக்கு எரியாது. ஓட்டுகிறவன் பாட்டுப் பாடிக்கொண்டு போவான்.

அப்படிப் பாடிக்கொண்டு வந்தவன்தான் என் சொந்த அண்ணன் கோம்போ.

அன்றைக்கு மத்தியானம் அவன் லாரி என் வேனுக்கு நேராக வந்து நின்றது. முதுகு நிறைய நிலக்கரி. பக்கத்து சீட்டில் யஞ்மா இருந்தாள். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். காதுமூடித் தொப்பிக்குள் முகம் பாதி காணாது. ஊருக்குத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவள். அதை விற்றுவிட்டு என் அண்ணனுடைய லாரியை வாங்க வந்திருந்தாள். வாங்குவதற்கு முன்னால் வண்டியின் குணம் தெரிய வேண்டுமாம். வரிசையில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே உட்கார்ந்து வருகிறாள். அதிகம் பேச மாட்டாள். கேட்டுக்கொண்டே இருப்பாள். கைவசம் இருந்ததையெல்லாம் இந்த ஒரு வண்டியில் போடப்போகிறாள், கேட்காமல் என்ன செய்வாள்.

அண்ணனுக்கும் இதை விற்றே ஆக வேண்டும். அண்ணி ஓயுன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எத்தனையோ குளிர்காலம் அவன் இந்தக் கேபினுக்குள்தான் குடித்தனம் நடத்தினான். வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு முன்னால் லாரியை விட்டு இறங்கி வந்தால் வீடு, இல்லையென்றால் லாரியையே கட்டிக்கொண்டு வாழு என்றாள். அவள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. பண்டிகைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யஞ்மாவை விட்டால் வேறு ஆளும் இல்லை.

"சேவே! வெளிய வா! கருவியை எடு!" கேபினிலிருந்து குதிக்கும்போதே கத்தினான். கையில் பாலித்தீன் பை. அதற்குள் பழைய ஃபில்டர். "சுமை ஏத்துறதுக்கு முன்னாடி மாத்தினேன். கெடு தாண்டல, ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டல. வெட்டி இந்தத் தங்கச்சிக்குக் காட்டு. என் ராணிக்கு வயிறு எவ்வளவு சுத்தம்னு பாக்கட்டும்."

பின்னால் நின்ற லாரியிலிருந்து தோர்லிக் இறங்கி வந்தான். வாய் சும்மா இருக்காத ஆள். "அண்ணே, உள்ள எலி கிலி இருந்தா அதையும் வண்டியோட சேத்துக் குடுத்துருவீங்களா, இல்ல தனி விலையா?"

"உன் வண்டியில எலியே டிரைவரா இருக்கு, நீ பேச வந்துட்ட!"

சிரிப்பு கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எனக்கு ஒரு டீ, எனக்கு ரெண்டு கொழுக்கட்டை என்று ஒரே கூச்சல்.

நான் ஃபில்டரைக் கையில் வாங்கினேன். நடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுழற்றி எடுத்தேன். அதுதான் சுத்தமான ஆயில் வெளியே போகிற வழி. அங்கே விரல் வழவழவென்று வர வேண்டும். எனக்கு நறநறவென்று வந்தது. கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தேன். மணல் மாதிரி அரைத்தது. வெட்டாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, வேனுக்குள்ள வாயேன். சூடா டீ குடிச்சிட்டு அப்புறம் வெட்டலாம்."

"உள்ள எதுக்கு? இங்கயே வெட்டு."

"ஒரு விஷயம் பேசணும்."

"என்ன ரகசியம் புதுசா?" அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "தோள்கறியை ஒளிச்சு வெச்சுத் திங்கிற வீடா நம்ம வீடு? எல்லார் முன்னாலயும் வெட்டுடி!"

அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. பொய் சொல்கிறவனாக இருந்திருந்தால் நானே நாலு அறை வைத்திருப்பேன். மீட்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்ட அப்பாவி. அவன் கேட்டுவிட்டான், இனி நான் தனியாகக் கூப்பிட முடியாது.

ஃபில்டரை வாள் போட்டு அறுக்கக் கூடாது. அறுத்தால் தகரத்தூள் உள்ளே விழும், எது நோய், எது தூள் என்று தெரியாது. குழாய் வெட்டுகிற சக்கரக் கருவியைக் கழுத்தில் மாட்டி, திருகித் திருகிச் சுற்றினேன். மூடி வந்தது. காகிதச் சுருளை வெளியே எடுத்ததும் யஞ்மா கையுறையைக் கழற்றிவிட்டு என் வெள்ளைத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

கத்தியால் காகிதத்தை வெட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, தட்டில் விரித்தேன். கறுப்பு. நிலக்கரி வண்டிக்காரன் ஃபில்டர் கறுப்பாக இல்லாமல் வெள்ளையாகவா இருக்கும்? கூட்டத்துக்கு அவ்வளவுதான் தெரியும். என் அண்ணனுக்கும் அவ்வளவுதான் தெரியும். பரவாயில்லை, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் கைதட்டுவார்கள், அண்ணன் பண்டிகைக்கு வீட்டில் இருப்பான், அண்ணி எனக்குப் புதுத்துணி எடுத்துத் தருவாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அக்கா," என்றாள் யஞ்மா. "எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க. நாளைக்கு நானே பாத்துக்கணும்ல."

தட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் குளிரில் சிவந்துபோயிருந்தன. எனக்கு அதற்கு மேல் வேறு யோசனை வரவில்லை.

"பாத்துக்கோ," என்றேன். "மடிப்பெல்லாம் நேரா வரிசையா நிக்கணும். இங்க பாரு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கு. அடைச்சுப்போய் ரொம்ப நாளா அழுத்தம் தாங்கியிருக்கு. காகிதத்தைத் திருப்பு. இந்தப் பக்கம் சுத்தமா இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே சேறு. வால்வு திறந்தே கிடந்திருக்கு. அழுக்கு ஆயில்தான் உள்ள போயிருக்கு."

யாரோ விசில் அடித்தார்கள். அண்ணனின் சிரிப்பு மெதுவாகக் கரைந்தது.

நான் காந்தத்தை எடுத்துக் காகிதத்தின் மேல் நகர்த்தினேன். வெயிலில் மினுக்கிக்கொண்டிருந்த பொடி அசையவே இல்லை. "இது இரும்பு இல்ல. செம்பு. பேரிங்கோட மேல்பூச்சு தேஞ்சு, அடியில இருக்கிறது வர ஆரம்பிச்சிருக்கு."

"என்னடி சொல்ற?" அண்ணன் காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கினான். "நான் கெடு தாண்டவே இல்ல! வா, மீட்டரைப் பாரு!"

"மீட்டரைப் பாத்தது நீ. ஃபில்டர் எங்க மீட்டரைப் பாத்துச்சு? குளிர் ஆரம்பிச்சதுல இருந்து இந்த எஞ்சினை என்னைக்காவது அணைச்சியா?"

"அணைக்கிறதா? எனக்கென்ன பைத்தியமா?"

"அந்த ஓட்டத்தையெல்லாம் எந்தக் கணக்குல சேத்த?"

கூட்டம் சிரித்தது. பிறகு பொசுக்கென்று அடங்கியது. ஒவ்வொருத்தனும் தலையைத் திருப்பித் தன் லாரியைப் பார்த்தான். வரிசை முழுக்க எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. தோர்லிக் மட்டும், "அக்கா, எனக்கு ஒரு ஃபில்டர் எடுத்து வைங்க," என்றான் சின்னக் குரலில்.

அண்ணன் என் பக்கம் குனிந்தான். "நீ என் கூடப்பிறந்தவதானா? இத்தனை பேருக்கு முன்னால, அதுவும் இவ முன்னால... ஒரு வார்த்தை மெல்லச் சொல்லியிருக்கக் கூடாது?"

"கூப்பிட்டேன்ல? வந்தியா நீ?"

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனசு இல்லை.

யஞ்மா தட்டைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இப்படியே ஓட்டினா என்ன ஆகும், அக்கா?"

"எல்லைக்குப் போய்த் திரும்பியும் வரலாம். இல்ல, முழுச் சுமையோட முன்னால இருக்கிற அந்த மேட்டுல ஏறும்போதே பேரிங் கவ்விக்கும். பேரிங்குக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு கோடு விழுந்து போயிடும். கிராங்க் போனா எஞ்சின் போச்சு."

"இப்பவே நிறுத்தினா?"

"பேரிங் மட்டும் போதும். அடியில இருக்கிற ஆயில் தொட்டி, அந்தச் சம்ப்பைக் கழட்டிட்டு, கீழ படுத்து இங்கயே மாத்திடலாம். என்கிட்ட இருக்கு. ஆனா வரிசை போயிடும். நிறுத்தின எஞ்சினை இந்தக் குளிர்ல திரும்பக் கிளப்புறது அடுத்த பாடு."

அவள் தலையை ஆட்டினாள். வாங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், போய்விட்டாள் என்று நினைத்தேன். நான் அவளுடைய இடத்தில் இருந்தால் போயிருப்பேன்.

அந்த நேரம் பார்த்து முன்னால் ஹாரன் சத்தம் வந்தது. வரிசை நகர ஆரம்பித்தது. அதுவும் வழக்கம் போல நாலு லாரி நீளம் இல்லை, நன்றாகவே நகர்ந்தது. அவனவன் டீக்கிண்ணத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான். அண்ணனும் போய்க் கேபினில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். இந்த வரிசையில் நகராதவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். பின்னால் இருக்கிறவன் சுற்றி முன்னால் போய்விடுவான், அப்புறம் கடைசிக்குத்தான் போக வேண்டும். எத்தனை நாள் காத்திருந்து பிடித்த இடம்.

முன்னால் இருந்த லாரி மேட்டை நோக்கிப் போய்விட்டது. அண்ணன் நகரவில்லை. பின்னாலிருந்து தோர்லிக் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தான். கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தேன். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு எஞ்சின் நின்றது.

எல்லா லாரியும் உறுமிக்கொண்டிருந்தபோதும், அந்த ஒரு எஞ்சின் நின்றது தனியாகத் தெரிந்தது. இந்தக் குளிரில், சுமையோடு, வரிசை நடுவில் ஒருத்தன் தன் கையாலேயே சாவியைத் திருப்பி அணைத்ததை நான் பார்த்ததே இல்லை.

தோர்லிக் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். கண்ணாடியை இறக்கி, "அண்ணே, என்ன பண்றீங்க? மேடு ஏறிட்டா அந்தப் பக்கம் இறக்கம்தானே! விக்கப்போற வண்டிக்கு எதுக்கு இந்த வைத்தியம்?" என்று கத்தினான். அண்ணன் கையை மட்டும் அசைத்தான், போ, போ. அடுத்தவன் போனான், அதற்கு அடுத்தவனும் போனான்.

அண்ணன் இறங்கி வந்தான். யாரையும் பார்க்கவில்லை. லாரியின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "இவ்வளவு நாள் சோறு போட்டுச்சு," என்றான். "தெரிஞ்சே எப்படி ஏத்துறது?" பிறகு யஞ்மாவிடம், "தங்கச்சி, உன்னை ஏமாத்தணும்னு நினைக்கல. சத்தியமா எனக்குத் தெரியாது. நீ வேற வண்டி பாத்துக்கோ. காலியா திரும்புற வண்டி ஏதாவது வரும், ஏத்தி விடறேன்."

"நான் எதுக்குப் போகணும்?" என்றாள் யஞ்மா. "இதுக்கு முன்னாடி மூணு வண்டி பாத்தேன். எல்லாரும் சூப்பர் வண்டின்னாங்க. ஒருத்தரும் ஒண்ணையும் வெட்டிக் காட்டல. இந்த வண்டிக்கு என்ன நோவுன்னு எனக்குத் தெரியும். அதை மேட்டுல சாகவிடாம நிறுத்தினது யாருன்னும் தெரியும்."

"ஓடாத வண்டியம்மா இது!"

"ஓடிட்டு இருந்தப்ப வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன். நீங்க அணைச்சீங்க பாருங்க, அப்பதான் வாங்கிடலாம்னு முடிவு பண்ணினேன். சுமையும் என் பொறுப்பு. பேசின விலையில பேரிங்குக்கு ஆகுறதைக் கழிச்சுக்கோங்க, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் எரிந்தது. அண்ணன், முழங்கை வரை சுருட்டியிருந்த கோட்டுக் கையை இரண்டு பக்கமும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பெரியவர்களுக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் சாவியை நீட்டினான். அவளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வாங்கியவள் நேரே என்னிடம் வந்தாள். "அக்கா, கீழ விரிக்க கம்பளி இருக்கா? எந்த ஸ்பேனர்?"

"ஆயில் சூடா இருக்கும்போதே இறக்கணும்," என்றேன். "வா, வா."

அண்ணன் தன் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தான். "விடு, சேவே, நான் படுக்கிறேன். சம்ப் போல்ட் ஒண்ணு மரை தேஞ்சுபோனது, எனக்குத்தான் தெரியும்."

"நீ ஒண்ணும் படுக்க வேணாம்!" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எந்தப் போல்ட்டுனு எனக்குக் கண் இல்லையா? நீ இப்ப படுத்தா ராத்திரி ஆயிடும். ராத்திரி ஆனா காலையில போறேன்னுவ. காலையில, எல்லை வரைக்கும் கூடப் போய் இவளுக்கு வழி காட்டிட்டு வரேன்னுவ. உன்னை எனக்குத் தெரியாதா? வண்டி இப்ப உன்னுது இல்ல. வீட்டுக்குப் போ!"

எதிர்ப்பக்கம் எல்லையில் சுமை இறக்கிவிட்டுக் காலியாக ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நான் நடுரோட்டில் போய் நின்று கையை விரித்தேன். ஓட்டி வந்த பையனுக்கு அண்ணனைத் தெரியும். மறுபேச்சு இல்லாமல் கதவைத் திறந்துவிட்டான். அண்ணன் பழக்க தோஷத்தில் ஓட்டுநர் பக்கம் போய்விட்டு, அங்கே ஆள் இருப்பதைப் பார்த்து, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து ஏறினான். பக்கத்து சீட்டில் அவ்வளவு பெரிய உடம்பை எப்படி வைப்பது என்று தெரியாமல் ஒடுங்கி உட்கார்ந்தான்.

லாரி நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"சேவே! பேரிங்கை எடுத்ததும் கிராங்கை நகத்தால தடவிப் பாரு! கோடு இருந்துச்சுன்னா எனக்குச் சொல்லாத!"

"சொல்வேன்!" என்று கத்தினேன்.